ஏற்காடு போய் உடனே திரும்புவோமா? பிசினஸ் ஜெட்டின் உயரக் கணக்கு

ஏற்காட்டில் லேடிஸ் சீட் பக்கம் நின்று கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மகன் கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட். அஸ்தம்பட்டியில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்தது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிட்டது. அதை விரலால் தட்டிக்கொண்டே மேலே கையைக் காட்டினான். வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு நீண்டுகொண்டிருந்தது.

"மாமா, அது எவ்வளவு உயரத்துல போகுது? அதை யாரு முடிவு பண்றாங்க?"

முதல் கேள்விக்கு வெறும் கண்ணால் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்குச் சொல்லலாம். விமானப் பயணத் திட்டம் போடும் வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் அவனிடம் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நாம் டிக்கெட் எடுத்துப் போகும் ஏர்பஸ், போயிங் எல்லாம் பெரும்பாலும் 30,000 அடிக்கு மேலே, 39,000 அல்லது 41,000 அடிக்குள் பறக்கும். தொழிலதிபர்கள் வைத்திருக்கும் சின்ன ஜெட்டுகளுக்கு, அதாவது பிசினஸ் ஜெட்டுகளுக்கு, அதற்கு மேலேயும் இடம் உண்டு. சிறிய வகையில் ஃபீனம் 100 போன்றவை 41,000 அடி வரை போகும். ஃபீனம் 300, சைட்டேஷன் சிஜே4 போன்றவை 45,000 வரை. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 மாதிரி பெரியவை 51,000 அடி வரை. போக முடியும் என்பதால் எப்போதும் அங்கேயே போய்விடுவதில்லை. உயரம் என்பது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. வாங்கின விலைக்கு அது திருப்பித் தர வேண்டும்.

முதலில், உயரத்தில் அப்படி என்ன லாபம்?

பாக்கெட் உப்பியதற்குக் காரணம், வெளியே காற்றின் அழுத்தம் குறைந்ததுதான். உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்க, வெளியே இருந்து அமுக்குவது லேசாகிவிட்டது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம். அங்கேயே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் 86 சதவீதம்தான். தண்ணீர்கூட 95 டிகிரியில் கொதித்துவிடும். 18,000 அடிக்குப் போனால் அழுத்தம் பாதியாகிறது. 41,000 அடியில் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் கால் பங்குகூட இல்லை.

விமானத்தைப் பின்னால் இழுப்பது காற்று. காற்று மெலிந்தால் இழுப்பும் மெலியும். விமானி பார்க்கும் வேகமானி உண்மையில் முன்னால் வந்து மோதும் காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. ஒரு ஜெட் 41,000 அடியில் ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமானி சுமார் 220 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்று காட்டும். ஆனால் காற்றுக்குள் அது நிஜமாகப் போகும் வேகம் 430 நாட், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். 220 நாட்டுக்கு உண்டான இழுப்பைக் கொடுத்துவிட்டு 430 நாட் தூரத்தைக் கடக்கிறது. இதைவிட நல்ல வியாபாரம் சேலம் செவ்வாய்பேட்டைக் கடைவீதியில்கூடக் கிடைக்காது.

இன்ஜினுக்கும் மேலேதான் பிடிக்கும். ஜெட் இன்ஜின் அதன் முழுத்திறனுக்கு அருகே சுழலும்போதுதான் எரிபொருளை ஒழுங்காகப் பயன்படுத்துகிறது. கீழே அடர்ந்த காற்றில் அப்படிச் சுழலவிட்டால் விமானம் தாங்க முடியாத வேகத்துக்குப் போய்விடும். அதனால் அடக்கி ஓட்ட வேண்டும். நான்காவது கியரில் ஓட வேண்டிய வண்டியை நாள் முழுக்க இரண்டாவதில் ஓட்டுவது போல. மேலே மெல்லிய குளிர்ந்த காற்றில் முழு மூச்சில் சுழன்றாலும், உள்ளே போகும் காற்று குறைவு என்பதால் மணிக்கு எரியும் எண்ணெயும் குறைவு.

சரி, அப்படியானால் எப்போதும் உச்சிக்கே போய்விடலாமே?

இங்கேதான் ஏற்காடு பஸ்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்திலிருந்து வளைவுகளில் முக்கிக்கொண்டு ஏறும் அந்தப் பஸ் எவ்வளவு டீசல் குடிக்கும்! மேலே போய் இரண்டு நாள் தங்கினால் அந்தச் செலவு தகும். ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறவனை வீட்டில் என்ன சொல்வார்கள்? ஜெட்டுக்கும் ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் எரிகிறது. மேலே தங்கும் நேரம் அதை ஈடுகட்ட வேண்டும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 143 கடல் மைல், அதாவது 265 கிலோமீட்டர். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 41,000 அடியிலிருந்து இறங்க மட்டும் சுமார் 120 மைல் வேண்டும் (இனி மைல் என்றால் கடல் மைல்தான்). ஏறுவதற்கும் சிறிய ஜெட்டுக்கு நூறு மைலுக்கு மேல் ஆகலாம். 143 மைலுக்குள் இது எப்படி அடங்கும்? உச்சியைத் தொடுவதற்கு முன்பே இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். 21,000 அல்லது 23,000 அடிக்கு ஏறி, கொஞ்ச நேரம் மட்டமாகப் போய், அப்புறம் இறங்குவதே ஒழுங்கு. சேலம் – சென்னைக்கு ஏடிஆர் போன்ற புரொப்பெல்லர் விமானங்கள் பொருத்தமாக இருப்பதும் இதனால்தான். அவற்றின் உச்ச வரம்பே 25,000 அடி. இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

மும்பை என்றால் கதை வேறு. சேலத்திலிருந்து சுமார் 530 கடல் மைல். ஏற இறங்க 230, 240 மைல் போனாலும் 290 மைல் மேலே மட்டமாகப் பறக்கலாம். ஏறின செலவு அப்போது வசூலாகிவிடும். டெல்லிக்கு 1,000 மைலுக்கு மேல், கேட்கவே வேண்டாம்.

அடுத்து, நினைத்த உயரத்தில் போய் நின்றுவிட முடியாது. வானத்தில் மாடிகள் இருக்கின்றன. கிழக்குப் பாதியை நோக்கி, அதாவது திசைகாட்டியில் 0 முதல் 179 டிகிரிக்குள் போகிறவர்களுக்கு 35,000, 37,000, 39,000, 41,000 என ஒற்றைப்படை ஆயிரங்கள். மேற்குப் பாதியை நோக்கிப் போகிறவர்களுக்கு 36,000, 38,000, 40,000 என இரட்டைப்படை. எதிரெதிரே வருகிறவர்களுக்கு நடுவில் ஆயிரம் அடி இருக்கும். முன்பு 29,000 அடிக்கு மேல் இரண்டாயிரம் அடி இடைவெளி வைத்திருந்தார்கள். மெல்லிய காற்றில் உயரமானிகள் அவ்வளவு துல்லியமாக இல்லை என்பது காரணம். கருவிகள் மேம்பட்ட பிறகு, 2003 நவம்பரில் இந்திய வானில் 29,000 முதல் 41,000 வரை அதை ஆயிரமாகக் குறைத்தார்கள். 41,000க்கு மேலே இன்னமும் இரண்டாயிரம்தான். ஆகவே அங்கே கிழக்கே போகிறவர்களுக்கு 45,000, 49,000. மேற்கே போகிறவர்களுக்கு 43,000, 47,000, 51,000.

ஒரு வேடிக்கை. சேலத்திலிருந்து டெல்லி கிட்டத்தட்ட நேர் வடக்கு. ஆனால் மயிரிழை மேற்கே சாய்ந்தது, நேர்கோட்டில் சுமார் 357 டிகிரி. அதனால் போகும்போது இரட்டைப்படை, வரும்போது ஒற்றைப்படை. டெல்லி இன்னும் கொஞ்சம் கிழக்கே இருந்திருந்தால் எல்லாம் தலைகீழ். நடைமுறையில் வான்வழிகள் வளைந்து வளைந்து போவதால் அந்தந்தத் துண்டின் திசையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இப்போது எடை. நெடுந்தூரம் போகும் பெரிய பிசினஸ் ஜெட்டுகளில் புறப்படும் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் எரிபொருளாகவே இருக்கும். புறப்படும்போது கர்ப்பிணி மாதிரி கனத்து இருக்கும், மெல்லிய காற்றில் இறக்கை அவ்வளவையும் சிரமப்பட்டுத்தான் தாங்கும். எண்ணெய் எரிய எரிய லேசாகும், மேலே போகலாம். எடை பத்து சதவீதம் குறைந்தால் சிறந்த உயரம் சுமார் 2,000 அடி மேலே நகர்கிறது என்று தோராயமாகச் சொல்லலாம். அதனால் நீண்ட பயணத்தில் 41,000, அப்புறம் 45,000 என்று படிப்படியாக ஏறுவார்கள். சேலத்திலிருந்து மும்பைக்குப் போகும் சின்ன ஜெட்டுக்கு இந்தப் படியேற்றம் பெரிதாகத் தேவைப்படாது. புறப்படும்போது எவ்வளவு எண்ணெய் ஏற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். சித்திரை வெயிலில் முழு டாங்க்கோடு கிளம்புவதற்கு முன் கணக்கை இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

வெயில் என்றதும் நினைவு வருகிறது. சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும்போது ஏற்காட்டில் 30 இருக்கும். கிலோமீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. உலகம் முழுக்க விமானப் புத்தகங்கள் ஒரே தரக்கணக்கைப் பயன்படுத்துகின்றன: கடல் மட்டத்தில் 15 டிகிரி, 11 கிலோமீட்டரில் மைனஸ் 56.5, அதற்கு மேல் அப்படியே. நம் ஊர் வானம் இந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் இங்கே குளிர்ச்சி 11 கிலோமீட்டரோடு நிற்காமல் 16, 17 கிலோமீட்டர் வரை கூடிக்கொண்டே போகும். 35,000 அடி பக்கம் தரக்கணக்கைவிட நம் வானம் பத்து டிகிரி போல வெப்பமாக இருக்கும். 45,000 அடியில் அதுவே பத்து டிகிரி போல குளிர்ந்திருக்கும். மைனஸ் 43 டிகிரியை வெப்பமான நாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் இன்ஜினுக்கு அது நிஜமாகவே வெக்கை. முப்பதாயிரங்களில் ஏற்றம் மந்தமாகும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் அடி ஏறிக்கொண்டிருந்தது ஐந்நூறுக்கு வந்துவிடும். கனத்த எடையோடு, சுறுசுறுப்பில்லாத இன்ஜினோடு இருப்பவர்கள் அங்கேயே ஒரு மாடி கீழே தங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அப்படித் தங்காமல் இழுத்துப் பிடித்து ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 2004 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்தது சாட்சி. ஒரு சிஆர்ஜே 200 ஜெட், சேலஞ்சர் பிசினஸ் ஜெட்டின் அதே குடும்பம். பயணிகள் யாரும் இல்லை, இரண்டு விமானிகள் மட்டும். அந்த விமானத்தின் உச்ச வரம்பான 41,000 அடியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். தொட்டும் விட்டார்கள், ஆனால் வேகத்தைப் பலிகொடுத்து. அங்கே இறக்கை காற்றைப் பிடித்து நிற்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். மேலே போகப்போக அந்தக் கீழ் எல்லை கூடும், ஒலியின் வேகத்தை ஒட்டிய மேல் எல்லையோ குறையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து ஒடுங்கிக்கொண்டே வரும். அவர்கள் கீழ் எல்லையைத் தாண்டி நழுவினார்கள், விமானம் நிலைகுலைந்தது, இரண்டு இன்ஜின்களும் அணைந்தன, மறுபடி பற்றவேயில்லை. மிசோரி மாநிலத்தில் ஜெஃபர்சன் சிட்டி அருகே விழுந்து இருவரும் இறந்தார்கள். வரம்பு என்று புத்தகத்தில் போட்டிருக்கும் எண், அன்றைய எடைக்கும் அன்றைய வெப்பத்துக்கும் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். இனி வருவது நமக்கென்றே இருக்கும் விஷயம். எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் நேர் எதிர்த்திசையில் ஒரு காற்றாறு ஓடுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே. வெப்பமண்டல கீழைத் தாரைக்காற்று என்று இதற்குப் பெயர். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதி உலகுக்குக் காட்டினார். இது வலுவாக இருப்பது தென்னிந்தியாவுக்கு மேலேதான், சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில். அடியில் சொன்னால் 45,000க்கு மேல். பயணிகள் விமானங்கள் அதன் அடிவிளிம்பைத்தான் உரசுகின்றன. பிசினஸ் ஜெட்டுதான் நேராக அதற்குள் தலையைக் கொடுக்கிறது.

வரைபடத்தில் பாருங்கள். சேலமும் அந்தமானின் போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. தூரம் சுமார் 860 கடல் மைல், நேர் கிழக்கு. ஜூலையில் ஒரு சின்ன ஜெட் போகிறது, அதில் 650 மைல் மட்டமான பறப்பு என்று வைத்துக்கொண்டு ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். 37,000 அடியில் வேகம் 420 நாட், மணிக்கு 430 கிலோ எரிபொருள், எதிர்க்காற்று 25 நாட். 45,000 அடியில் வேகம் 400 நாட், மணிக்கு 340 கிலோ, ஆனால் எதிர்க்காற்று 70 நாட்.

கீழே 37,000 அடியில் போனால், தரையை வைத்து அளக்கும் வேகம் 395 நாட். 1 மணி 39 நிமிடம், 708 கிலோ. மேலே போனால் 330 நாட்தான். 1 மணி 58 நிமிடம், 670 கிலோ. மேலே 38 கிலோ மிச்சம்தான், ஆனால் கூடுதலாக 8,000 அடி ஏறுவதிலேயே அது கரைந்துவிடும். பத்தொன்பது நிமிடத் தாமதம் மட்டும் கையில் நிற்கும். கீழ் மாடியே மேல்.

திரும்பி வரும்போது மேற்கே போகிறோம், அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. 36,000 அடியில் தள்ளுகாற்று 25, 43,000 அடியில் 70 என்று வைத்தால், கீழே 1 மணி 28 நிமிடம், 628 கிலோ. மேலே 1 மணி 23 நிமிடம், 470 கிலோ. இப்போது மேலே போகாதவன்தான் ஏமாளி. அதே விமானம், அதே நாள், அதே வழி. போக ஒரு உயரம், வர ஒரு உயரம்.

குளிர்காலத்தில் கதை வடக்கே மாறும். டெல்லி பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நூறு நாட்டுக்கு மேலும் ஓடும் காற்று உண்டு. சேலம் – டெல்லி வடக்கே போவதால் அது பக்கவாட்டில்தான் அடிக்கும், நேர் எதிரே வராது. கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போகிறவர்கள்தான் அதைத் திட்டிக்கொண்டே உயரத்தை மாற்றுவார்கள். அதன் மைய உயரத்துக்கு மேலே ஏறி 45,000க்குப் போனால் காற்று தணியும். பெரிய விமானங்களுக்கு இல்லாத இந்த வழி பிசினஸ் ஜெட்டுக்கு உண்டு.

இடி மேகங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்ற நம்பிக்கை மட்டும் நம் ஊரில் வேண்டாம். சித்திரை, வைகாசி மாலைகளில் சேர்வராயன் மலைமேல் எழும்பும் மேகங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை 50,000 அடியையும் எட்டலாம். சுற்றிப் போவது ஒன்றுதான் வழி.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களையும் மறக்கக்கூடாது. கேபினுக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். வழக்கமான பறப்பில் அது 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கலாம் என்பது விதி, ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருப்பது போல. நவீனப் பெரிய ஜெட்டுகள் சிலவற்றில் 51,000 அடியில் பறந்தாலும் உள்ளே 5,000 அடிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதாவது ஏற்காடு. சிப்ஸ் பாக்கெட் அங்கேயும் இதே அளவுதான் உப்பும். ஆனால் அந்த அழுத்தம் திடீரெனப் போய்விட்டால் 41,000 அடியில் மனிதனுக்குத் தெளிவோடு செயல்பட பதினைந்து விநாடி போலத்தான் கிடைக்கும். அதற்கு மேலே பறக்கும்போது ஒரு விமானி ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டியபடியே இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. சின்ன ஜெட்டில் ஒரு மணி நேரம் அப்படி இருந்து பார்த்தவர்கள், "41,000 போதும்பா" என்பார்கள். கணக்கில் வராத காரணம், ஆனால் நியாயமான காரணம்.

"அப்போ இறங்குறது எப்போ மாமா?" என்றான். பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை, கீழே போனால் சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

மும்பையிலிருந்து சேலத்துக்கு 41,000 அடியில் வரும் ஜெட், நேர்வழியில் தும்கூர் பக்கத்திலேயே இறங்கத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து சுமார் 120 மைல். சென்னையிலிருந்து வருகிறவருக்குத்தான் சிக்கல். ஓடுபாதைக்கு நேர் கிழக்கே பதினைந்து கிலோமீட்டரில் நாங்கள் நின்றுகொண்டிருந்த இதே மலை. சேர்வராயன் கோயில் உச்சி 5,300 அடிக்கு மேல். ஆயிரத்துக்கு மூன்று மைல் என்று பாட்டுக்கு இறங்கிக்கொண்டே வர முடியாது. மலையைத் தாண்டும்வரை உயரத்தைக் கையில் வைத்திருந்து, அப்புறம் சுற்றி வந்துதான் காமலாபுரத்தில் இறங்க வேண்டும்.